கன்றுக்குட்டிக் கோடு

காரைக்குடி,
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாதா பிறந்தநாள் வாழ்த்து. நான் உடம்புக்குச் சுகம். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று எழுது. உன் கைக்கு வருமுன் மடத்துத் தலைவி மதர் இதைப் பிரித்துப் படிப்பார் என்பது நினைவிருக்கிறது. அதற்காக உன்னை 'நீங்கள்' போட்டு எழுத மாட்டேன். மதருக்கும் என் வணக்கம்.

என் ஆராய்ச்சி வெளியாகிவிட்டது அக்கா. வெளிநாட்டுப் பத்திரிகையில், வண்ணப் படங்களோடு. என் வழிகாட்டிப் பேராசிரியர் சரவணகுமார் பெயர் இருக்கிறது. அவர் மருமகன் பெயர் இருக்கிறது. அந்த ஆள் ஏசி காற்று வாங்கத்தான் ஆய்வகத்துக்கு வருவார். என் பெயர் இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில்கூட இல்லை. ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டவருக்கு நன்றி இருக்கிறது.

அம்மா படுக்கையில் கிடந்தபோது விடுப்பு எடுத்தேன் அல்லவா? அப்போதே வருகை குறைவு என்று எழுதி என்னை நீக்கிவிட்டு, நான் நான்கு வருடம் செய்ததை எடுத்து மருமகனுக்கு விருந்து வைத்துவிட்டார். நேரில் போய்க் கேட்டேன். "ஏம்மா, வீட்டு வேலை முடிஞ்சதா?" என்றார். சிரித்துக்கொண்டே கேட்டார் அக்கா.

அந்தச் சிரிப்பை நான் மறக்கப் போவதில்லை. அழுதுகொண்டு எழுதவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்காக ஜெபிக்க வேண்டாம். என் கை நடுங்காமல் இருக்க ஜெபி.

உன் தங்கை,
ஷீலா


சேசு மரி சூசை

மடம்,
20 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை ஷீலாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் நலம். என் மூட்டு வலி, முழங்கால் போட்டே காலம் தள்ளுகிறவளுக்கு வருகிற வலிதான். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

மதர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் கையில் வைத்து அழுத்தினார். மன்னித்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மடத்து விதி விடாததால், அம்மா சாகும்போது நான் இந்தக் கம்பியைத் தாண்டி வர முடியவில்லை. என் பங்குக்கும் சேர்த்து நீதான் இருந்தாய். அதற்காக அந்த மனிதர் உன்னைத் தண்டித்தார் என்றால் எனக்கும் வயிறு எரிகிறது. அவர் பெயரை என் ஜெபத்தில் சேர்த்திருக்கிறேன். எதற்கென்று கேட்காதே. அவரை மன்னித்துவிடு ஷீலா. எனக்காக.

அது என்ன ஆராய்ச்சி என்று எனக்குப் புரிகிற மாதிரி ஒருநாளும் நீ சொன்னதில்லை. நம் வீட்டுப் பழக்கம் அப்படி. அம்மா எனக்கு எழுதிய கடிதங்களில் உடம்பைப் பற்றி ஒரு வரி இருக்காது. படுக்கையில் விழுமுன் ஒரு பண்டிகைக்கு என்னைப் பார்க்க வந்தபோது கேட்டேன். "கெட்டது இருந்தாத்தான் எழுதுவாக. எழுதலைன்னா சொகமா இருக்கோம்னு எடுத்துக்கிற வேண்டியதுதான்" என்றாள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இதைத் தபாலில் போடப்போவது சிட்டாள். மடத்துக்கு வெளிவேலை எல்லாம் அவள்தான்: காய்கறி, மருந்து, தபால். உன் கடிதம் வந்தால், "தாயி, காரக்குடித் தங்கச்சி எழுதியிருக்காக!" என்று வாசலிலிருந்தே கத்துவாள். மௌனம் காக்க வேண்டிய நேரம் என்று மதர் முறைத்தாலும் அடங்க மாட்டாள். கொஞ்ச நாளாக அவளுக்கு வறட்டு இருமல். அதனால் கத்தல் குறைந்திருக்கிறது.

ஆண்டவர் உன் மனதுக்கு அமைதி தரட்டும்.

உன் அக்கா,
சகோ. மரிய மதலேன்
(உனக்கு எப்போதும் இன்னாசி)


காரைக்குடி,
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். செக்காலை ரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். காலையில் ஊசி குத்துகிறேன், மாலையில் முடிவு அச்சடிக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

புரிகிற மாதிரிக் கேட்டாய். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகளை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும். புறச்செல் நுண்பை என்று புத்தகத்தில் எழுதுவோம். நீ பொட்டலம் என்று வைத்துக்கொள். காசநோய்க் கிருமியை விழுங்கிய காவல் செல், அதைக் கொல்ல முடியாமல் திணறும்போது, கிருமியின் துணுக்குகளைப் பொட்டலத்தில் கட்டி ரத்தத்தில் அனுப்பும். சில பொட்டலம் மற்றச் செல்களை உஷார்படுத்தும். சில பொட்டலம் காவலுக்கு நிற்கிறதையே தூங்கவைத்துவிடும். கிருமி நிம்மதியாக உள்ளே போகும். வெளியில் பார்த்தால் எல்லாம் ஒரே பை. நல்ல சேதியா மொட்டைக் கடிதமா என்று பிரித்தால்தான் தெரியும்.

அம்மாவுக்குச் சளியில் மூன்று முறை பார்த்து மூன்று முறையும் ஒன்றுமில்லை என்றார்கள். நெஞ்சுக்குள் நோய் இருந்தும் அவளால் சரியாகச் சளி எடுத்துத் தர முடியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ரத்தத்தில் இந்தப் பொட்டலங்களைத் தேடினால் போதும். அதுதான் என் வேலை. முடிவதற்குள் அம்மா முடிந்துவிட்டாள்.

இப்போது நல்ல செய்தி. பேராசிரியர் எடுத்துக்கொண்டு போனது என் முதல் வருட அளவுகளை! ஆய்வகத்தில் செல் வளர்க்கக் கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் ஊற்றுவோம். அதில் கன்றுக்குட்டியின் பொட்டலங்களே கோடிக்கணக்கில் மிதக்கும். முதலில் அவற்றை இயந்திரத்தில் சுழற்றி வெளியேற்ற வேண்டும். முதல் வருடம் நான் அதைச் செய்யவில்லை. அதனால் நோயில்லாத செல்லும் ஏகப்பட்ட பொட்டலம் போடுவதாகத் தெரிந்தது. 'இதற்கு மேல் இருந்தால் நோய்' என்று போடும் கோடு எங்கேயோ உச்சியில் போய் நின்றது. அந்தக் கோட்டை வைத்துச் சோதித்தால் பாதி நோயாளிக்கு ஒன்றுமில்லை என்றே வரும். பிறகு எல்லாவற்றையும் திருத்தி முதலிலிருந்து செய்தேன். அது என்னிடம் மட்டும் இருக்கிறது. அவருக்குத் தெரியாது. ஆய்வகத்துக்குள் கால் வைத்திருந்தால்தானே தெரியும்?

நான் சொல்லப் போவதில்லை. ஏறட்டும். ஊரே அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு ஏறட்டும். அப்புறம் ஏணியை எடுக்கிறேன்.

சிட்டாளுக்கு வெந்நீரில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் கொடு.

உன் தங்கை,
ஷீலா


சேசு மரி சூசை

மடம்,
28 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

இங்கே நலம். மழையில் மடத்து மதில் ஒரு பக்கம் சரிந்தது. வேறு சேதம் இல்லை. மழைக்கு உனக்கு வழக்கமாக வரும் சளி, தலைவலி எப்படி?

நீ எழுதியதை மதர் இரண்டு முறை படித்தார். "கெட்டிக்காரி, ஆனால் நெருப்பு" என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது ஷீலா. அவர் விழுவது பற்றிப் பயமில்லை. விழுகிறவர் அடியில் யார் நிற்பார்கள் என்று நீ பார்க்க மாட்டாய். சின்ன வயதில் அமலதாஸ் மாமா வீட்டு மாமரத்தில் கல்லெறிந்தபோதும் நீ மாங்காயை மட்டும்தான் பார்த்தாய். மாமாவின் நெற்றித் தழும்பு இன்றும் இருக்கிறது.

இருமல் நிற்காததால் சிட்டாளைச் சிவகங்கை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். "சளியத் துப்பு துப்புங்கிறாக தாயி. வந்தாத்தானே துப்புவேன்? நான் என்ன வச்சுக்கிட்டா வஞ்சகம் பண்றேன்?" என்று திரும்பி வந்துவிட்டாள். அவள் சொன்ன விதத்தில் எல்லாரும் சிரித்தோம்.

ஞாயிறு முதல் திருவருகைக் காலம். கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதப் போக்குவரத்து இல்லை. அதற்குள் உன் மனது இளகட்டும்.

உன் அக்கா,
இன்னாசி


காரைக்குடி,
30 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் அன்று கம்பிக்கு அந்தப் பக்கம் உன் முகம் பார்த்ததே போதும். மெலிந்திருக்கிறாய். நோன்பைக் குறை. எனக்குச் சளி போய்விட்டது.

நேரில் நீ கேட்டாய், மனது இளகியதா என்று. இல்லை அக்கா. அவர் இப்போது ரத்தச் சோதனைக் கருவி செய்துவிட்டார். மாவட்டம் முழுக்க இலவச முகாம் போடப் போகிறாராம். மார்ச் 24, உலகக் காசநோய் நாள், கல்லூரிக் கலையரங்கில் அறிமுக விழா. பெரிய பெரிய ஆட்கள் வருகிறார்கள். பழைய பேருந்து நிலையத்தில் பதாகை கட்டிவிட்டார்கள். அதில் கைகட்டி நிற்கிறார், கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

தினமும் வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பதாகையை நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். பசி எடுக்கிறது.

புது வருட வாழ்த்து. மதருக்கும் சிட்டாளுக்கும் சொல்.

உன் தங்கை,
ஷீலா


சேசு மரி சூசை

மடம்,
24 பிப்ரவரி 2025

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க ஜெபம். இதற்கு உடனே பதில் போடு. மார்ச் ஐந்து விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. அதற்குப் பிறகு ஈஸ்டர் உயிர்ப்புப் பெருநாள் வரை வருகிற கடிதமெல்லாம் மதரின் மேசை இழுப்பறையில் பிரிக்காமல் கிடக்கும்.

மூன்று விஷயம் கேட்கிறேன்.

அம்மாவின் முதல் ஆண்டுப் பூசைக்கு நம் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டாயா?

பெருநாளுக்கு மறுவாரம் பார்க்க வருவாயா?

மூன்றாவது முக்கியம். பங்குக் கோயிலில் உன் பேராசிரியரின் முகாம் நடந்தது. மதர் சிட்டாளை அனுப்பினார். ரத்தம் எடுத்து, நான்கு நாளில் 'நோய் இல்லை' என்று சீட்டு கொடுத்துவிட்டார்கள். அவள் அதைச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறாள். ஆனால் இருமல் நிற்கவில்லை, சேலை நழுவுகிற மாதிரி இளைத்துவிட்டாள். அரசு ஆஸ்பத்திரியில் மார்ச் பத்தாம் தேதி நெஞ்சுப் படம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். "அதான் ஒண்ணுமில்லைன்னுட்டாகளே, எதுக்கு வெயில்ல அலையணும்?" என்கிறாள்.

நீ எழுதியிருந்தாயே, கன்றுக்குட்டிக் கோடு. அது இந்தச் சோதனையிலும் இருக்கிறதா, இல்லை இத்தனை மாதத்தில் அவரே திருத்திவிட்டாரா? சீட்டை நம்பலாமா?

உன் அக்கா,
இன்னாசி


காரைக்குடி,
1 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று காலை கிடைத்தது, உடனே எழுதுகிறேன். நான் சுகம். மூட்டுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், ராத்திரி சூடாகத் தேய்.

அம்மாவின் பூசைக்கு முன்பே சொல்லிவிட்டேன். மார்ச் 12, காலை ஆறரை மணி. பாடற்பூசை. அம்மாவுக்குப் பிடித்த மாதா பாட்டைப் பாடச் சொல்லியிருக்கிறேன்.

பெருநாளுக்கு மறுவாரம் கட்டாயம் வருவேன். மகிழம்பூ முறுக்கும் சீப்புச் சீடையும் கொண்டுவருகிறேன். மதர் தடுத்தால் கம்பி வழியாக ஒவ்வொன்றாக நீட்டுவேன். அப்போது உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு பெரிய கதை இருக்கும்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். சிட்டாளிடம் என் அன்பைச் சொல். தவக்காலம் நல்லபடியாகக் கழியட்டும்.

உன் தங்கை,
ஷீலா


காரைக்குடி,
25 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இது இழுப்பறையில் கிடக்கும் என்று தெரியும். கிடக்கட்டும். இன்றைக்கு எழுதாவிட்டால் எனக்கு வெடித்துவிடும். உடம்பு? இத்தனை நல்ல உடம்பு எனக்கு எப்போதும் இருந்ததில்லை!

நேற்று அரங்கம் நிரம்பி வழிந்தது. மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு. ஒரு மணி நேரம் பேசினார். கேள்வி நேரம் வந்தது. நான் நடுவரிசையில் எழுந்து நின்றேன். கை நடுங்கவில்லை அக்கா.

"சார், ஒரே ஒரு கேள்வி. செல் வளர்த்த சீரத்தில இருந்த கன்னுக்குட்டிப் பொட்டலத்தையெல்லாம் எடுத்துட்டீகளா?"

"உக்காரும்மா. இது மாட்டாஸ்பத்திரி விழா இல்ல" என்றார். மருமகன் சிரித்தார். முன்வரிசையில், சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பெண் ஆய்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. பேராசிரியரைப் பார்த்து, "கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்" என்றார்.

அவர் மருமகனைப் பார்த்தார். மருமகன் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். அவ்வளவுதான். அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியதை நான் இருந்த இடத்திலிருந்து அசையாமல் பார்த்தேன். பிறகு என் திருத்திய அளவுகளை எடுத்துப்போய் அந்த அம்மா கையில் கொடுத்தேன். "இது ஐயா போட்ட கோடு இல்லீக. கன்னுக்குட்டி போட்ட கோடு" என்றேன். மாணவர்கள் கைதட்டினார்கள். இன்று காலை டீக்கடையில் அவர் பேரே கன்றுக்குட்டி.

ஒரு மாதம் முன்னால் யாராவது அவர் காதில் போட்டிருந்தால் ராவோடு ராவாகத் திருத்தியிருப்பார், மாலையும் நிலைத்திருக்கும். நல்ல வேளை, யாரும் போடவில்லை.

அம்மா இருந்திருந்தால் திட்டியிருப்பாள், அப்புறம் திரும்பிக்கொண்டு சிரித்திருப்பாள்.

உன் தங்கை,
ஷீலா


காரைக்குடி,
10 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா?

அவரைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார்கள். சென்னை அம்மா என்னை அங்கே வந்து ஆராய்ச்சியை முடிக்கச் சொல்கிறார். பதாகையைக் கிழித்துவிட்டார்கள், வெறும் மூங்கில்தான் நிற்கிறது.

முகாமில் 'நோய் இல்லை' என்று சீட்டு வாங்கியவர்களையெல்லாம் மறுபடி சோதிக்க வேண்டும் என்று நேற்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். சிட்டாள் நெஞ்சுப் படம் எடுத்தாளா? எடுக்கவில்லை என்றால் உடனே போகச் சொல். நீ இதைப் படிக்கப் பெருநாள் ஆகும் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். அவள் கெட்டி, தாங்குவாள்.

உன் தங்கை,
ஷீலா


மடம்,
22 ஏப்ரல் 2025

ஷீலாவுக்கு,

நலம் விசாரிக்கவில்லை.

நேற்று இழுப்பறை திறந்தது. உன் இரண்டு கடிதங்களையும் ஒரே மூச்சில் படித்தேன். நீ நன்றாக எழுதுகிறாய். அரங்கத்தில் நானே உட்கார்ந்திருந்தது போல இருந்தது.

நான் மூன்று கேட்டேன். உன் மார்ச் முதல் தேதிக் கடிதத்தில் பூசை நேரத்துக்குப் பதில் இருந்தது, முறுக்குக்குப் பதில் இருந்தது. அன்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சிட்டாள், "தங்கச்சி என்ன தாயி எழுதியிருக்காக?" என்றாள். நான் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ஒன்றும் எழுதவில்லை. அப்படியென்றால் கெட்டது இல்லை. எங்கள் வீட்டுப் பழக்கம்" என்றேன். பத்தாம் தேதி அவள் படம் எடுக்கப் போகவில்லை. வெயிலில் அலைய வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அம்மா உடம்பைப் பற்றி எழுதாமல் எழுதாமல் செத்ததை மறந்துவிட்டு, அதே பழக்கத்தை எடுத்து இன்னொருத்தி கையில் கொடுத்தேன்.

ஏப்ரல் இரண்டாம் தேதி வெளிவாசலில் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு இருமினாள். சேலை முழுக்க ரத்தம். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. உடலைப் பார்த்துக் காசநோய்தான் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். சுருக்குப் பையில் அந்தச் சீட்டு நாலாக மடித்து இருந்தது. நீ 'தாங்குவாள்' என்று எழுதிய நாளில் அவள் குழியில் மண்கூடக் காய்ந்திருந்தது.

சீட்டை நம்பாதே என்று எழுதினால் மதர் படித்துவிட்டுப் பேராசிரியரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார், உன் மார்ச் 24 வீணாகிவிடும் என்றுதானே அந்த ஒரு வரியை விட்டாய்? இல்லை என்று எழுதாதே. 'யாரும் போடவில்லை' என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் வேலை மார்ச் 24 அன்று முடிந்தது. மறுநாள் காலையிலாவது சொல்லியிருக்கலாம். அவள் உயிரோடு இருந்தாள். மடத்தில் ஒரு தொலைபேசி இருக்கிறது. அம்மா செத்தபோது அதில்தான் என்னைக் கூப்பிட்டாய்.

மன்னித்துவிடு, மன்னித்துவிடு என்று உனக்கு எத்தனை முறை எழுதினேன்! இப்போது எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சாமியார் கொடுத்த அபராத ஜெபங்களைச் சொல்கிறேன். மனது வரவில்லை. உன்னை நினைத்தால் எனக்கு எரிகிறது ஷீலா. நீ அவர் முகம் வெளிறியதைப் பார்த்தாயே, அப்படி உன் முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. கம்பிக்குள் இருப்பதால் அது எனக்குக் கிடைக்காது.

அதனால் இதைத் தபாலில் போடவில்லை. சிட்டாளின் மகள் மலையம்மாள் கையில் கொடுத்து உன் விலாசம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நீ படித்து முடிக்கும் வரை அவள் உன் எதிரில்தான் நிற்பாள். மூன்று வாரமாக அவளும் இருமுகிறாள். முதலில் அவளைக் கூட்டிப்போய் நெஞ்சுப் படம் எடு.

தன் அம்மா கெட்டியாகத்தானே இருந்தாள், என்ன ஆயிற்று என்று அவள் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். காரைக்குடியில் என் தங்கைக்குத் தெரியும், போய்க் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.

மதர் இதைப் படித்தார். "அனுப்பத்தான் வேண்டுமா?" என்றார். ஆமாம் என்றேன்.

கடிதத்தை மடித்து வை. தலையைத் தூக்கி அவளைப் பார். இப்போது கேட்பாள். பதில் சொல்.

சகோ. மரிய மதலேன்